இம்பிளான்ட் பல் செட்டு லூசானால் முதலில் எதைப் பார்ப்பது?

கீழ்த்தாடை எலும்பில் பதித்த திருகு மாதிரியான இரண்டு இம்பிளான்ட், அவற்றின் தலையில் செட்டைப் பிடிக்கும் உலோகக் குமிழான லொக்கேட்டர், அதன்மேல் பிரஸ் பட்டன் மாதிரி 'டக்'கென்று உட்காரும், கழற்றி மாட்டும் செட்டு. இங்கே சொல்வது இந்த வகையைப் பற்றித்தான். செட்டு லூசானதும் எல்லோரும் கேட்பது புது மூடி, அதாவது லொக்கேட்டரைக் கவ்வும் நைலான் துண்டு. அதை மாற்றுவது சில நிமிட வேலை. பழையது ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

செட்டின் அடியில் இருக்கும் சின்ன உலோகக் கிண்ணத்துக்குள் நைலான் மூடி இருக்கும். நிறம்தான் பிடிமானத்தின் அளவு: நீலம் சுமார் 0.7 கிலோ, ரோஸ் 1.4, நிறமில்லாதது 2.3. இம்பிளான்ட்கள் சாய்ந்திருந்தால் பச்சை, சிவப்பு என்று வேறு வரிசை. 'நல்லா டைட்டா போடுங்க' என்று கேட்காதீர்கள். விரலில் வலு குறைந்த பெரியவர் 2.3 கிலோ பிடிமானத்தைக் கழற்ற முடியாமல் ராத்திரியும் செட்டோடு தூங்குவார், ஈறு வெந்துபோகும். குறைந்த பிடியில் தொடங்கி, போதாவிட்டால் ஏற்றுவதே நல்லது. ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூடி ஓராண்டு முன்பின் வரும்.

அதற்கு முன்பே தேய்ந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, மாட்டும் விதம். வாயில் வைத்துப் பல்லால் கடித்து இறக்கினால் மூடி கோணலாக நசுங்கும். இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலால் அமுக்குங்கள். கழற்றும்போது இரண்டு பக்க விளிம்பையும் சேர்த்துத் தூக்குங்கள். ஸ்பூன் வைத்து நெம்பவே கூடாது.

இரண்டாவது, லொக்கேட்டரின் நடுவில் இருக்கும் குழி. எள்ளோ சீவல் துணுக்கோ அதில் அடைந்தால் மூடியின் நடுக்குமிழ் இறங்காது, செட்டு அரைகுறையாக உட்காரும். கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாகத் தெரிய வேண்டும். ஒற்றைக் குஞ்சம் வைத்த சின்ன பிரஷ்ஷால் தினமும் அந்தக் குழியையும் ஈறைத் தொடும் கழுத்தையும் சுற்றித் தேய்க்க வேண்டும். ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம்.

மூன்றாவதுதான் அடிக்கடி தவறவிடப்படுவது. இம்பிளான்ட் இல்லாத பின்பக்கத்தில் எலும்பு மெல்ல மெல்லக் கரையும். கடைவாய்ப் பக்கம் விரலால் அமுக்குங்கள். முன்பக்கம் எழும்பினால் செட்டு சீசா பலகை மாதிரி ஆடுகிறது என்று அர்த்தம். அதற்கு ரீலைன் செய்து அடிப்பாகத்தை நிரப்ப வேண்டும். அப்படியே விட்டால் மூடி தேயும், லொக்கேட்டர் திருகு தளரும், கிண்ணம் பதித்த மெல்லிய இடத்தில் செட்டே விரிசல் விட்டு உடையும். உடைந்ததை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒரு மயிரிழை விலகினாலும் கிண்ணங்கள் இடம் மாறிவிடும்.

செட்டைக் கழுவும்போது பேசினில் பாதித் தண்ணீர் நிரப்புங்கள், கை தவறினாலும் உடையாது. பேஸ்ட் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெந்நீரில் செட்டு வளையும், பிளீச்சில் உலோகம் அரிக்கும். ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணி உப்பு என்றால் குடிக்கிற தண்ணீரிலேயே ஊற வையுங்கள்.

வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்குச் செட்டிலும் லொக்கேட்டர் கழுத்திலும் கறையும் காரையும் சீக்கிரம் படியும். வீட்டில் சுரண்டாமல் கிளினிக்கில் எடுங்கள். கறை சின்ன விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் 2004-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெள்ளையோ சிவப்போ திட்டு தெரிந்தாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், 'செட்டு உரசுது' என்று ஒத்திப்போடாமல் காட்டுங்கள்.

இம்பிளான்டைச் சுற்றி வரும் நோய் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. பிரஷ் பட்டதும் ரத்தம் கசிவது முதல் அடையாளம்; ஈறு மட்டும் வீங்கியிருக்கும் இந்த நிலையில் சுத்தத்தாலேயே சரியாகும். சீழ் வந்து எலும்பும் கரையத் தொடங்கினால் முழுதாகத் திரும்பக் கிடைக்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது கூடுதலாக வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. எக்ஸ்ரே எப்போது எடுப்பது என்பதை மருத்துவர் சொல்வார், பழைய படத்தைத் தவறாமல் கொண்டுபோங்கள், எலும்பு இறங்கியதா என்று ஒப்பிட அதுதான் வழி.

லொக்கேட்டரே சுழல்வது போலிருந்தால் அன்றைக்கே செட்டைக் கழற்றிவிட்டுப் போய்க் காட்டுங்கள். மருத்துவர் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால், அந்தந்தக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குவார். இம்பிளான்டே ஆடுகிறது என்றால் அது எலும்போடு ஒட்டவில்லை; இறுக்கிப் பயனில்லை, எடுத்தாக வேண்டும்.