1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் பழைய ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட். 1248 சிசி, நான்கு சிலிண்டர், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். அதனால் ஆயில்தான் இதற்கு உயிர். ஆயில் குறைந்தாலோ கெட்டுப்போனாலோ செயின் தேயும். தேய்ந்த செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 10,000 கிலோமீட்டர் வரை நான் காத்திருப்பதில்லை, 7,500-லேயே ஆயில் மாற்றிவிடுகிறேன். வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவிப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கம் கலகலவென்று சத்தம் நீடித்தால், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

மலையேறி வந்து நின்றதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஆறியதும் அணையுங்கள். அப்புறம், டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் தின்றுவிடும்.