கைரேகை விழாத பாட்டிக்கு வாழ்நாள் சான்றிதழ்

வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து பறித்தவர் எங்கள் பாட்டி. விரல் ரேகை தேய்ந்தே போய்விட்டது. இபிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷனுக்கு வருஷா வருஷம், உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். குமுளிவரை பஸ்ஸில் கூட்டிப் போனால் மிஷினில் விரல் விழாது. துடைத்து, எண்ணெய் தொட்டு, மறுபடி அழுத்தி... "உசுரோட முன்னாடி நிக்கேன், இன்னும் என்னடா சாட்சி வேணும்?" என்று எகிறுவார். நியாயம்தானே?

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கும் வசதி வந்தது. என் ஆண்ட்ராய்டு போனில் முகத்தைச் சரிபார்க்கும் 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', சான்றிதழ் எடுக்கும் 'ஜீவன் பிரமாண்' ஆகிய இரண்டு ஆப்களையும் ஏற்றினேன். முதலில் ஆபரேட்டராக, அதாவது சான்று எடுத்துக் கொடுப்பவராக, என் ஆதாரையும் முகத்தையும் பதிய வேண்டும். அப்புறம்தான் பாட்டியின் ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்), வங்கிக் கணக்கு.

லயத்துக்குள் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) வெளிச்சம் போதவில்லை, கேமரா முகத்தை ஏற்கவே இல்லை. வாசலுக்கு வந்தால் முதுகுப் பக்கம் வெயில். சுவருக்கு முதுகு, வெளிச்சத்துக்கு முகம் என்று திருப்பி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, "கண்ணை மூடித் திறங்க பாட்டி" என்றேன். சாமி கும்பிடுகிற மாதிரி இறுக்கி மூடியவர் திறக்கவே இல்லை. நான் சிரித்ததும் திறந்தார், பதிந்துவிட்டது.

சான்றிதழின் எண்ணான பிரமாண் ஐடி எஸ்எம்எஸ்ஸில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். பிபிஓ எண் தப்பாக இருந்தால் பின்னால் நிராகரித்துவிடுவார்கள், நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இபிஎஃப் பென்ஷனுக்குக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். எந்த மாதமும் கொடுக்கலாம் என்பதால், பென்ஷன்காரர்கள் குவியும் நவம்பர் கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை. ஒரே ஆபரேட்டர் பல பேருக்கு எடுக்கலாம் என்பதால், இப்போது பக்கத்து லயத்துக்காரர்களும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.