கேஸ் மாத்திரையிலேயே காலம் தள்ளாதீர்கள்

கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கம்பம்மெட்டு மலையிறங்கி ஏலத்தோட்ட ஜீப்புகள் வந்ததும், “அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க” என்று கேட்காத நாள் இல்லை. ஓர் அக்கா மூன்று வருடம் அப்படி வாங்கினார். வயிறு காலியானால் எரியும், ரெண்டு வாய் சாப்பிட்டால் அடங்கும். கடைசியில் எண்டோஸ்கோப்பி பார்த்தபோது முன்சிறுகுடலில் புண். காரணம், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

பலரும் பழியை மிளகாய் மேல் போடுகிறார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கிருமி. இல்லாவிட்டால் முதுகுவலிக்கு அடிக்கடி போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். 1984-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டுதான் இது இரைப்பையில் பிழைக்கிறது.

கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். கிருமி அங்கேயே இருக்கும். அதோடு, மாத்திரை போட்டுக்கொண்டே மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால், கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மருத்துவரிடம் கேட்டு, பேன்டோபிரசோல் வகை கேஸ் மாத்திரையைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

எனக்கு மனம் தாங்காத தவறு, மருந்தைப் பாதியில் விடுவது. ஆன்டிபயாட்டிக் இரண்டும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். அந்த அக்கா ஆறாம் நாளே மீதி அட்டைகளோடு வந்து நின்றார். “எரிச்சல் போயிருச்சு, வாயெல்லாம் கசக்குது, இதை எடுத்துக்கிறீங்களா?” ஒரு அட்டையில் மாத்திரை பிரிக்கவே இல்லை. எரிச்சல் போவது வேறு, கிருமி சாவது வேறு. தப்பிப் பிழைத்த கிருமி மருந்துக்குப் பழகிவிட்டால், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. அக்காவுக்கும் வேறு மருந்துகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. முடித்து 4 வாரம் கழித்து மறுபரிசோதனையும் அவசியம். அதற்கு ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது உதவாது, கிருமி போன பிறகும் அது நெடுநாள் இருக்கும்.

அப்புறம் சாப்பாடு. கருவாடு, ஊறுகாய் என உப்பு மிகுந்தவற்றைத் தினமும் சேர்ப்பதைக் குறையுங்கள். கிருமியும் மிகுந்த உப்பும் சேர்ந்தால் இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். குமுளி ஹோட்டலில் தரும் பதிமுகத் தண்ணீர், அதாவது பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர், நல்லதுதான். ஆனால் கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றினால் கொதிக்க வைத்த பலனே போய்விடும்.

மலம் தார்போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ என் கடைக்கு வராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிஸ்மத் என்ற வயிற்றுப்புண் மருந்தாலும், இரும்புச்சத்து மாத்திரைகளாலும் மலம் கறுக்கும். எதனால் என்று மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.