பார்ட்னர் கிட்ட கேக்க கூச்சமா இருக்கற கேள்விகள்: கோ-ஃபவுண்டருங்க ஒத்துப்போக என்ன பண்ணணும்

கோ-ஃபவுண்டர், அதாவது கூட சேந்து கம்பெனி ஆரம்பிக்கறவர், பத்தி பேச்சு வந்தாலே "அது கல்யாணம் மாதிரிப்பா"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சுடுவார், எனக்கு அது சரியா படல. கல்யாணத்துல யார் சிஇஓன்னு கார்டு அடிக்க வேண்டியதில்ல, மூணாவதா ஒருத்தர் பணம் போட்டுட்டு நடுவுல வந்து உக்கார மாட்டார். இது வேற உறவு, இதுக்குன்னு தனியா சில வேலை பாக்கணும், அதத்தான் இங்க எழுதறேன்.

சத்தமா சண்டை போட்டுக்கற பார்ட்னருங்க நிறைய பேர் பல வருஷம் ஓட்டிடறாங்க. "பரவால்ல விடு"ன்னு மென்னு முழுங்கிட்டே இருக்கறவங்கதான் ஒரு நாள் வக்கீல் வழியா பேசிக்கறாங்க. அதனால கீழ சொல்றது எல்லாமே சுத்தி சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வரும்: கேக்க சங்கடமா இருக்கற கேள்விய உறவு நல்லா இருக்கறப்பவே கேட்டுடணும், வந்த பதிலை எழுதியும் வெச்சுக்கணும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

ஆளுக்கொரு பேப்பர் எடுத்துக்கங்க, தனித்தனியா உக்காந்து இதுக்கெல்லாம் பதில் எழுதுங்க. சம்பளம் இல்லாம எத்தனை மாசம் தாங்குவேன்? வீட்ல கடன், இஎம்ஐ, பாத்துக்க வேண்டியவங்க யார் யார் இருக்காங்க? இப்ப இருக்கற வேலைய எப்ப விடுவேன், இல்ல விடவே மாட்டேனா? இந்த கம்பெனி சின்னதா லாபத்தோட காலம் பூரா ஓடினா போதுமா, இல்ல ஃபண்டிங் வாங்கி பெருசாக்கி வித்துட்டு போகணுமா? யாராவது வாங்க வந்தா எவ்ளோ சொன்னா நான் சரின்னுடுவேன்? எந்த வேலைய நான் சத்தியமா செய்ய மாட்டேன்?

தனித்தனியாங்கறது முக்கியம். சேந்து உக்காந்து பேசினா முதல்ல வாய் திறந்தவர் பதில்தான் ரெண்டு பேர் பதிலும் ஆயிடும், இன்னொருத்தர் தலையாட்டிட்டு போயிடுவார், அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு "நான் அப்பவே நினைச்சேன்"ன்னு வரும். எழுதி முடிச்சதும் மாத்தி படிங்க. எல்லாம் ஒத்துப்போகணும்னு இல்ல, எங்க ஒத்துப்போகலன்னு தெரிஞ்சா போதும்.

இதுல நஷ்டத்தை தாங்கற சக்தி பத்தின கேள்விய யாரும் கண்டுக்கறதில்ல. ஆப்பிள் ஆரம்பிச்சப்ப மூணாவதா ரொனால்ட் வெய்ன்னு ஒருத்தர் இருந்தார், 1976 ஏப்ரல் 1ம் தேதி ஒப்பந்தம், அவருக்கு 10 சதவீதம், ஜாப்ஸுக்கும் வாஸ்னியாக்குக்கும் ஆளுக்கு 45. பன்னெண்டே நாள்ல வெளிய வந்துட்டார், பங்குக்கு கிடைச்சது 800 டாலர். இதை எல்லாரும் "ஐயோ எவ்ளோ கோடி போச்சு"ன்னுதான் சொல்வாங்க, ஆனா அவர் ஏன் போனார்ங்கறதத்தான் நாம பாக்கணும். அது பார்ட்னர்ஷிப், கம்பெனி கடன் பட்டா கடன்காரங்க பார்ட்னரோட சொந்த சொத்து மேல கை வைக்கலாம், மத்த ரெண்டு பேர் கிட்டயும் எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, இவர் கிட்டதான் இருந்துச்சு. ஒரே கம்பெனி, ஒரே ஒப்பந்தம், ஆனா மூணு பேருக்கும் ரிஸ்க் ஒண்ணு இல்ல. உங்க கூட்டணியிலயும் அப்படித்தான் இருக்கும், ஒருத்தருக்கு அப்பா அம்மா சப்போர்ட் இருக்கும், இன்னொருத்தர் வீட்டுக்கு பணம் அனுப்பணும். அது தெரியாம "உனக்கு தைரியம் பத்தல"ன்னு பேசிட்டா அந்த வார்த்தை நிக்கும்.

முடிஞ்சா கம்பெனி ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வேலைய சேந்து எடுத்து செஞ்சு பாருங்க, நிஜ கஸ்டமர், நிஜ டெட்லைன், கொஞ்சம் பணமும் கை மாறணும். பத்து வருஷ ஃப்ரெண்டா இருக்கலாம், ஆனா பேமென்ட் லேட்டானா, கஸ்டமர் கத்தினா அவர் எப்படி நடந்துப்பார்னு அந்த பத்து வருஷத்துல பாத்திருக்கவே மாட்டீங்க.

ஈக்விட்டி

கம்பெனி பங்கை (அதான் ஈக்விட்டி) 50-50ன்னு பிரிக்கறது தப்புன்னு நிறைய பேர் அடிச்சு சொல்றாங்க, நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பேரும் முழு நேரம், ஒரே நாள்ல ஆரம்பிச்சு, ஒரே அளவு தியாகம்னா சமமா பிரிக்கறதுல என்ன குறை. ஆனா பேச சங்கடப்பட்டுக்கிட்டு "சரி பாதி பாதி"ன்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சா அது வேற கதை, அங்க பிரிச்சது பங்கை மட்டும்தான், பேச்சு பாக்கி இருக்கு.

எப்படி பிரிச்சாலும் வெஸ்டிங் போடாம விடாதீங்க. பரவலா இருக்கற முறை 4 வருஷம், முதல் 1 வருஷம் கிளிஃப், அதாவது அந்த ஒரு வருஷம் முடியறதுக்குள்ள போனா ஒண்ணும் கிடையாது. வெஸ்டிங்னா பங்கு பேர்ல இருந்தாலும் மாசா மாசம் வேலை பாத்துதான் அது உங்களுதாகும். உங்களுக்கு 30 சதவீதம்னு வெச்சுக்கங்க, 9 மாசத்துல கெளம்பினா ஒண்ணும் கிடையாது, 12வது மாசம் முடிஞ்சா அதுல கால் பங்கு, 18வது மாசம் போனா 48ல 18 பங்கு, அதாவது 11.25 சதவீதம், மீதி கம்பெனிக்கே திரும்பிடும். இது இல்லன்னா எட்டு மாசத்துல வேற வேலைக்கு போனவர் கையில கம்பெனியில பாதி இருக்கும், மிச்சம் இருக்கறவர் ராத்திரி பகலா உழைச்சு அவர் பங்கோட மதிப்பையும் ஏத்திட்டு இருப்பார், புதுசா வர்ற இன்வெஸ்டரும் அதைப் பாத்துட்டு ஓடிடுவார். நம்பிக்கை இல்லையான்னு பார்ட்னர் கேட்டா, இது உங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான்னு சொல்லுங்க.

பேப்பர் இல்லாம விட்டா என்ன ஆகும்னா, அனுப்பின போட்டோ தானா மறையற ஆப்பான ஸ்னாப்சாட்டைப் பாருங்க. மறையற போட்டோங்கற ஐடியாவே தன்னுதுன்னு சொன்ன ரெஜி பிரவுன் 2011ல வெளிய தள்ளப்பட்டார், 2013ல கேஸ் போட்டார், 2014ல சமரசம், தொகை 157.5 மில்லியன் டாலர்னு கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. பத்திரத்தை உங்க ஊர் சட்டம் தெரிஞ்ச வக்கீல் கிட்ட எழுத குடுங்க, நெட்ல இருந்து டவுன்லோட் பண்ணினதுல கையெழுத்து போட்டுட்டு நிம்மதியா தூங்காதீங்க.

கடைசி வார்த்தை யாருது

இதுலதான் மெனக்கெடணும்னு நினைக்கறேன், ஏன்னா தினசரி உரசல் முக்காவாசி இங்கிருந்துதான் வருது. ப்ராடக்ட், சேல்ஸ், ஆள் எடுக்கறது, கணக்கு வழக்கு, டெக், எல்லாத்தையும் வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரே ஒரு பேர் போடுங்க. "ரெண்டு பேரும்"னு எழுதினா அது யாருக்கும் இல்லன்னு அர்த்தம். மத்தவர் கருத்து சொல்லலாம், வாதாடலாம், கத்தக்கூட கத்தலாம், ஆனா முடிவு பேர் போட்டவருது. முடிவு ஆனப்புறம் மத்தவர் அதை முழுசா சப்போர்ட் பண்ணணும், ஊத்திக்கிச்சுன்னா "நான் அப்பவே சொன்னேன்"ன்னு ஆரம்பிக்கக் கூடாது. அமேசான் பெசோஸ் 2016 வருஷத்து பங்குதாரர் கடிதத்துல இதையே சொல்லியிருக்கார், ஒத்துக்கலன்னாலும் கூட நின்னு செய்யறதுன்னு.

ரெண்டு கையெழுத்தும் வேணும்ங்கற லிஸ்ட் தனியா இருக்கட்டும், சின்னதா. கடன் வாங்கறது, பங்கு குடுக்கறது, நம்ம சம்பளத்தை மாத்தறது, தொழிலையே வேற பக்கம் திருப்பறது, விக்கறது, மூடறது, அவ்ளோதான். திரும்ப சரி பண்ண முடியாத விஷயம் மட்டும் இதுல வரணும், லோகோ கலர்லாம் வந்துச்சுன்னா லிஸ்ட்டே வேஸ்ட்.

இந்த லிஸ்ட்ல இருக்கற விஷயத்துல முட்டிக்கிச்சுன்னா? அதுக்கும் வழிய இப்பவே எழுதுங்க. ஒரு நாள் தள்ளிப் போடறது, மலிவா சோதிச்சுப் பாக்க முடியுமான்னு யோசிக்கறது, அப்பவும் முடியலன்னா ரெண்டு பேரும் மதிக்கற மூணாவது ஆள் சொல்றதை ஏத்துக்கறது. வெய்னுக்கு அந்த 10 சதவீதம் குடுத்ததே மத்த ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னா இவர் தீர்த்து வைக்கணும்னுதான். சில ஒப்பந்தத்துல, ஒருத்தர் பங்குக்கு விலை சொல்லணும், அந்த விலைக்கு வாங்கறதா விக்கறதான்னு மத்தவர் முடிவு பண்ணலாம்னு ஒரு விதி இருக்கும். கேக்க நியாயமா இருக்கும், ஆனா கையில காசு இருக்கறவருக்குத்தான் அது சாதகம், இல்லாதவர் குறைஞ்ச விலைக்கு வித்துட்டுத்தான் போகணும், யோசிச்சு போடுங்க.

சிஇஓ ஒருத்தர்தான் இருக்கணும்ங்கறது என் கட்சி. அட்லாசியன்ங்கற சாஃப்ட்வேர் கம்பெனிய ரெண்டு பேர் சேந்து சிஇஓவா இருந்து இருபது வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க, 2024லதான் ஒருத்தர் விலகினார், அதனால முடியவே முடியாதுன்னு சொல்ல வரல. ஆனா பட்டத்தை விட்டுக்குடுக்க மனசு வராம ரெண்டு சிஇஓ போடற இடம்தான் நிறைய.

வாரா வாரம் ஒரு மணி நேரம்

வேலை மீட்டிங் எத்தனை இருந்தாலும் பரவால்ல, இது தனி. ப்ராடக்ட் பத்தி, கஸ்டமர் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நாம ரெண்டு பேரும் எப்படி இருக்கோம், அது மட்டும். இந்த வாரம் நீ செஞ்சதுல எனக்கு உதவினது என்ன, உறுத்தினது என்ன, அடுத்த வாரம் என்னால முடியாமப் போகப்போறது என்ன. முதல் ரெண்டு மூணு தடவை அசிங்கமா இருக்கும், "எல்லாம் ஓகே மச்சி"ன்னு பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், விடாம உக்காருங்க. நல்லா போறப்ப கேன்சல் பண்ணினா, மோசமா போற வாரம் திரும்ப ஆரம்பிக்க யாருக்கும் வாய் வராது.

உறுத்தினதை எப்படி சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு. "நீ எப்பவும் இப்படித்தான்டா, என்னை மதிக்கறதே இல்ல"ன்னா அவர் தன்னைக் காப்பாத்திக்க ஆரம்பிச்சுடுவார், பேச்சு அங்கயே முடிஞ்சுது. "செவ்வாக்கிழமை கிளையன்ட் கால்ல நான் சொன்ன தேதிய நீ மாத்தி சொன்ன, டீம் முன்னாடி எனக்கு சங்கடமா போச்சு, இனிமே மாத்தணும்னா கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் போடு"ன்னு சொன்னா அவருக்கு செய்யறதுக்கு ஒரு வேலை இருக்கு. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின ஜான் காட்மன், பிரிவுக்குப் பெரிய அறிகுறின்னு சொல்றது கோபத்தை இல்ல, இளக்காரத்தை. பார்ட்னர் பேசறப்ப கண்ணை உருட்டறது, டீம் முன்னாடி நக்கல் அடிக்கறது, "இவருக்கு எக்செல்கூட தெரியாது"ன்னு இன்வெஸ்டர் முன்னாடி சிரிக்கறது, இதெல்லாம் ஜோக் கணக்குல சேராது.

சாட்ல சண்டை வேண்டவே வேண்டாம். மூணாவது மெசேஜ்லயே சூடு ஏறிடுச்சுன்னா போன் பண்ணுங்க, ராத்திரி ஆயிடுச்சுன்னா காலையில.

அப்புறம் "நான்தான் ஜாஸ்தி உழைக்கறேன்"ங்கற நினைப்பு. ரெண்டு பேருக்கும் இருக்கும், யாரும் பொய் சொல்லல. 1979ல ராஸ், சிகோலின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கணவன் மனைவி கிட்ட வீட்டு வேலையில உங்க பங்கு எவ்ளோன்னு தனித்தனியா கேட்டாங்க, பெரும்பாலான ஜோடிக்கு கூட்டிப் பாத்தா முழு அளவைத் தாண்டிடுச்சு. நாம செஞ்சது நமக்கு ஞாபகம் இருக்கும், மத்தவர் செஞ்சதை நாம பாக்கவே இல்ல. சேல்ஸ்ல இருக்கறவர் வெளிய தெரிவார், சர்வர் விழாம பாத்துக்கறவர் விழுந்தாதான் தெரிவார். அப்பப்ப ஒருத்தர் வேலைய இன்னொருத்தர் எழுதிப் பாருங்க, நீங்க எழுதின லிஸ்ட்ல எவ்ளோ விட்டுப்போச்சுன்னு அவர் சொல்வார்.

டீமும் பணமும்

ஒருத்தர் முடியாதுன்னா இன்னொருத்தர் கிட்ட போய் சரி வாங்கற பழக்கம் எந்த டீமுக்கும் சீக்கிரம் வந்துடும். யார் வந்து கேட்டாலும் முதல்ல "அவர் கிட்ட கேட்டீங்களா, என்ன சொன்னார்?"னு கேளுங்க, அது போதும்.

பேங்க் அக்கவுன்ட் ரெண்டு பேருக்கும் தெரியணும், கணக்கு பாக்கறது ஒருத்தர் வேலையா இருந்தாலும் சரி. கம்பெனிக்கு கைக்காசு போட்டா அது கடனா முதலீடான்னு அன்னைக்கே எழுதுங்க, மெயில்ல ஒரு வரி போதும். சொந்த செலவை கம்பெனி கார்டுல போடறது சின்ன விஷயமாத்தான் தெரியும், மத்தவர் அதை ஸ்டேட்மென்ட்ல தானா கண்டுபிடிக்கற வரைக்கும்.

பிரியறதா இருந்தா

பார்ட்னருக்கு சொல்றதுக்கு முன்னாடி மூணாவது ஆள் கிட்ட சொல்ல ஆரம்பிச்சுட்டீங்கன்னா, மெயில் எல்லாத்தையும் "ரெக்கார்டுக்காக" எழுத ஆரம்பிச்சுட்டீங்கன்னா, முடிவு உள்ளுக்குள்ள எடுத்தாச்சுன்னு அர்த்தம். அப்ப இழுக்காதீங்க, நேர்ல உக்காந்து சொல்லுங்க. டொமைன், சர்வர், பேங்க், சோஷியல் மீடியா பாஸ்வேர்ட் எல்லாம் கம்பெனி பேர்ல இருக்கா, யாரோட சொந்த மெயில்ல இருக்கான்னு பாருங்க. எழுதின கோடு, டிசைன் கம்பெனிக்கு சொந்தம்னு கையெழுத்து இருக்கான்னு பாருங்க, இது ஆரம்பத்துலயே வாங்கியிருக்கணும். வெஸ்ட் ஆன பங்கு எவ்ளோ, கம்பெனி திரும்ப வாங்குதா, எந்த விலைக்கு, எத்தனை மாசத்துல. டீமுக்கும் கஸ்டமருக்கும் போற மெசேஜை ரெண்டு பேரும் சேந்து எழுதி ஒரே நேரத்துல அனுப்புங்க, காரணம் அதுல ரெண்டு வரிக்கு மேல வேண்டாம்.