சுகர் ஏறினால் கை தானாக ஆடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை மட்டும் தானாக ஆடத் தொடங்குகிறது. விரல்கள் வீணை மீட்டுவதுபோல நெளிகின்றன, மணிக்கட்டு திரும்புகிறது, சில சமயம் தோளிலிருந்து கையே தூக்கி வீசுகிறது. அதே பக்கக் காலும் சும்மா இருப்பதில்லை. தூங்கினால் நின்றுவிடுகிறது, விழித்ததும் மறுபடி ஆரம்பம். நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய் இப்படியும் வெளிப்படலாம். டயபடிக் ஸ்ட்ரையடோபதி என்பார்கள். அரிதுதான், ஆனால் 1960-லேயே மருத்துவ இதழில் பதிவானது. ஆசியர்களிடமும் அறுபதைத் தாண்டிய பெண்களிடமும் அதிகம் பதிவாகியிருக்கிறது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப்பகுதி பாதிக்கப்படுகிறது. ரத்தம் கெட்டியாகி அங்கே ஓட்டம் குறைகிறது என்கிறார்கள். அசைவை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் தீர்ந்துபோகிறது என்றும் சொல்கிறார்கள். முடிவான விளக்கம் இன்னும் இல்லை.

வீட்டில் முதலில் நடக்கும் தவறு, "சுகர் இறங்கிடுச்சு, அதான் நடுங்குது" என்று சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்துக் கொடுப்பது. இந்த நோயாளிகளுக்கு அப்போது சுகர் 400-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது சகஜம். குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இனிப்பு கொடுப்பதுதான் சரி. மீட்டர் இல்லை, ஆள் வியர்த்துக் குழம்பிப்போயிருக்கிறார், ஆனால் விழுங்க முடிகிறது என்றால் அப்போதும் கொடுக்கலாம். சுகர் இறங்குவது உடனடி ஆபத்து. ஒரு கை மட்டும் ஆடுகிறது, ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டுக்கொண்டு நாள் கடத்துவதும், காத்து கருப்பு என்று மந்திரிக்கப் போவதும் இன்னும் நடக்கின்றன. வேதனையான விஷயம். இந்த நேரத்தில் சுகர் ஏறியபடியேதான் இருக்கும்.

சரி, சுகர்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிவிடலாமா? அதுவும் கூடாது. பக்கவாதத்திலும் இதே அசைவு வரும். ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மாத்திரைச் சீட்டையும் பழைய சுகர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. இந்த நோயில் சி.டி. ஸ்கேனில் ஸ்ட்ரையேட்டம் வெள்ளையாகத் தெரிவதால் மூளையில் ரத்தக்கசிவு என்று தவறாகப் படிக்கப்படுவதுண்டு. சுற்றி வீக்கம் இல்லாமல் அந்தப் பகுதியோடு மட்டும் வெள்ளை நிற்பதும், எம்.ஆர்.ஐ.யும், சுகர் வரலாறும் சேர்ந்துதான் உண்மையைக் காட்டும்.

"இன்னைக்கு சுகர் நார்மல், அதனால் இது வேறு ஏதோ" என்று நினைப்பது பலரும் யோசிக்காத தவறு. சுகர் இறங்கிச் சில வாரங்கள் கழித்துக்கூட அசைவு தொடங்கலாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பார்த்தால் தெரிந்துவிடும். பலருக்கு 13 சதவீதத்தை ஒட்டி வரும். சிலருக்கு சர்க்கரை நோய் இருப்பதே இந்த அசைவால்தான் முதலில் தெரியவருகிறது.

சிகிச்சையின் அடிப்படை இன்சுலினும் நீர்ச்சத்தும்தான். ஒருமுறை இன்சுலின் போட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்று பயந்து மறுக்காதீர்கள். அவசரத்தில் பட்டினி கிடந்து சுகரை ஒரேயடியாக இறக்கவும் பார்க்காதீர்கள்.

அசைவு அடங்காவிட்டால் ஹாலோபெரிடால் அல்லது டெட்ராபெனசின் தருவார்கள். ஹாலோபெரிடால் மனநோய்க்கான மாத்திரை என்று இணையத்தில் படித்துவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. இங்கே அது அசைவை அடக்கத்தான். நேர்மாறாக, அசைவு நின்ற பிறகும் மருத்துவரைப் பார்க்காமல் மாதக்கணக்கில் அதையே வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் உடம்பு விறைத்து நடை மந்தமாகும். எப்போது குறைப்பது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரையும் தன்னிச்சையான அசைவுகளை உண்டாக்கும் என்பதால், அதை எடுத்தால் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கை நின்றுவிட்டாலும் மறு ஸ்கேனில் அந்த வெள்ளை சில மாதங்களுக்குத் தெரியலாம். அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். அது கையைவிட மெதுவாகத்தான் சரியாகும்.