பழைய கிராமத்து ஓவியம்: அசலா என்று பார்ப்பதும் விலை போடுவதும்

வேலூர்ப் பக்கம் பழைய சாமான் கடைகளில் எப்போதாவது இப்படி ஒன்று கண்ணில் படும்: பனைமரம், ஏரிக்கரை, மாட்டுவண்டி, பின்னால் மொட்டைப் பாறை மலை. "வெள்ளைக்காரன் காலத்து ஆயில் பெயின்டிங் சார்" என்பார் கடைக்காரர். கேட்டுக்கொள்ளுங்கள், பர்ஸை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். படம் எவ்வளவு அழகு என்பதைவிட, யார் வரைந்தது என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும்.

1. கையால் வரைந்ததா, அச்சா?

நகைக்கடையில் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் போதும். வானத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நீலம் பொடிப்பொடி வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தால் அச்சு. கான்வாஸ் துணியிலும் அச்சடிக்கிறார்கள். மேலே பசை தடவி, தூரிகை ஓடியது மாதிரி மேடும் கட்டிவிடுவார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் குட்டு வெளிப்படும்: மேடு ஒரு பக்கம் போகும், பனையோலை இன்னொரு பக்கம் போகும். கையால் போட்டதில் ஓலை திரும்பும் இடத்தில் சாயமும் சேர்ந்தே திரும்பும்.

2. திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும். பழைய கான்வாஸை மரச்சட்டத்தில் சின்ன ஆணிகளால் அடித்திருப்பார்கள், துருவும் ஏறியிருக்கும். ஸ்டேப்ளர் பின் இருந்தால் பெரும்பாலும் பிந்தைய காலத்து வேலை. ஆனால் பழைய துணியைப் புதுச் சட்டத்துக்கு மாற்றுவதும் உண்டு என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரேம் கடை லேபிள், கண்காட்சிச் சீட்டு, பென்சிலில் எழுதிய பெயர், எதுவானாலும் போட்டோ எடுங்கள். உரிக்காதீர்கள்.

3. கையெழுத்து

சாயத்தில் வெடிப்பு இருந்தால், கையெழுத்தின் மை அந்த வெடிப்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால், பின்னால் யாரோ போட்ட கையெழுத்து. கேள்விப்படாத பெயர் என்று ஒதுக்கவும் வேண்டாம். சென்னை ஓவியப் பள்ளி 1850இல் தொடங்கியது. அங்கே படித்தவர்களில் நமக்குப் பெயர் தெரியாதவர்களே அதிகம்.

4. துடைக்காதீர்கள்

ஈரத்துணி, உருளைக்கிழங்குத் துண்டு, எதுவும் வேண்டாம். அழுக்கோடு இருந்தால் விலை கொஞ்சம் குறையும், சாயம் உரிந்தால் மொத்தமும் போச்சு.

5. விலை

இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏல நிறுவனங்களின் தளங்களில், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே ஓவியர், அதே வகைச் சாயம், கிட்டத்தட்ட அதே அளவு என்று ஒப்பிட வேண்டும். வாங்குபவர் கட்டும் கமிஷனும் அதில் சேர்ந்திருக்கலாம். விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. யார் வரைந்தது என்றே தெரியாவிட்டால், சுவரில் மாட்ட ஒரு படம் என்ற விலைதான். சில சமயம் படத்தைவிடத் தேக்குச் சட்டம்தான் காசு பெறும். காட்சியில் இருப்பது வேலூர்க் கோட்டை அகழி என்று அடையாளம் சொல்ல முடிந்தால், உள்ளூரில் ஆசைப்பட்டு வாங்க ஆள் கிடைப்பார். பனிமலையும் பைன் மரமும் என்றால் யாரோ காலண்டரைப் பார்த்துப் போட்டது, பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு: நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன ஓவியம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ரவிவர்மா, அம்ரிதா ஷேர்-கில் போன்ற சிலரின் படைப்புகளுக்கு வயது எதுவானாலும் இதே தடைதான்.