பக்கத்து வீட்டுக்கு முஸ்லிம் குடும்பம் குடிவந்தால் எங்கே சறுக்குகிறோம்?

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த முஸ்லிம் குடும்பத்துக்கும் பக்கத்து இந்து வீட்டுக்கும் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி, ஒரு வார்த்தை கேட்க வேண்டிய இடத்தில் நாமே ஊகித்துக்கொள்வதால் வருவதுதான்.

முதல் ஊகம் மொழி. முஸ்லிம் என்றாலே உருது பேசுவார் என்று நினைத்து அரைகுறை இந்தியில் ஆரம்பிப்பார்கள். வங்காளத்திலிருந்து வந்தவருக்கு வங்காளிதான் தாய்மொழி, கேரளத்துக்காரருக்கு மலையாளம்.

ரொம்பச் சொதப்புவது சாப்பாட்டு விஷயத்தில். பூஜையில் படைத்ததை ஆசையாகக் கொண்டுபோய் நீட்டுகிறோம், அவர் தயங்கினால் நம் முகம் சுண்டிவிடுகிறது. அல்லாஹ் அல்லாத பெயரில் படைத்ததை உண்ணக் கூடாது என்பது பலர் கடைப்பிடிக்கும் மார்க்க விதி, உங்கள் மேல் கோபமில்லை (சந்தோஷமாக வாங்கிக்கொள்பவர்களும் உண்டு). படைக்கும் முன்பே ஒரு பங்கு எடுத்து வைக்கலாமே என்றால், சாமிக்கு முன்னால் யாருக்கும் எடுக்கக் கூடாது என்கிற வீடுகளில் அது நடக்காது. படைக்காத பழமோ இனிப்போ தனியாகக் கொடுங்கள், விஷயம் முடிந்தது. அசைவம்தான் சாப்பிடுவாரே என்று கோழி சமைத்து வைத்தாலும் ஹலாலா (மார்க்க முறைப்படி அறுத்ததா) என்ற கேள்வி வரும், விருந்துக்கு அழைத்தால் சைவமே வம்பில்லாதது.

அந்தப் பக்கமும் இதே கதைதான். பக்ரீத் குர்பானி (பலி கொடுத்த) இறைச்சியில் அக்கம்பக்கத்துக்கும் பங்கு கொடுப்பார்கள், நல்ல மனசுதான், ஆனால் கேட்காமல் சைவ வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. இந்து என்றால் சைவம் என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடுவதும் தப்பு. அப்புறம், ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர்கூட அன்றைக்கு விரதத்தில் இருக்கலாம்.

ரமலானில் "தண்ணீர்கூடவா குடிக்க மாட்டீங்க?" என்று தினமும் வியக்க வேண்டாம், குடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அதைவிட மோசம், ஒரு பெண்ணிடம் "இன்னிக்கு நோன்பு இல்லையா?" என்று கேட்பது. மாதவிடாய் நாட்களில் நோன்பு கிடையாது, நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு, கேட்டால் அவர் என்னதான் பதில் சொல்வார்?

விடியுமுன் எழுந்து ஸஹர் உணவு சமைக்கும் பாத்திரச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். மாதம் தொடங்கும் முன்பே நோன்பு வைப்பவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. இது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும் மாதம், போன வருடத் தேதியை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டார் தாங்களாகத் தெரிந்துகொள்ள முடியாது. சத்தம் தாங்கவில்லை என்றால் நீங்களும் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் புகார் எழுதாமல், சாயங்காலம் நேரில் போய்ச் சொல்லுங்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.